கழிவுப் பஞ்சும் காலி ஆலையும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போகிறபோதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். பழைய மில்லை வேறு உபயோகத்துக்கு எடுப்பது என்றால் எதை எடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம்?

கரிசல் பருத்தி ஒருகாலத்தில் ‘டின்னவேலிஸ்’ என்ற வியாபாரப் பெயரில் தூத்துக்குடியில் கப்பலேறியது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். விளைந்த சீமையிலேயே பஞ்சு நூலாவது சின்ன விஷயமில்லை. ஆனால் அச்சில் ஊர் வரலாறாக வருவது பெரும்பாலும் நிறுவியவர் வரலாறுதான்; ராத்திரி ஷிப்டு அதில் இல்லை.

மில்லுக்குள் எதுவும் வீணாவதில்லை. கோம்பர் மெஷின் பஞ்சைச் சீவும்போது குட்டை இழை தனியே விழும். நூற்பவருக்கு அது வேஸ்ட். அதையே காரம் போட்டு வேகவைத்து, மெழுகும் பிசுக்கும் போக வெளுத்தால் தண்ணியை உறிஞ்சும் ஆஸ்பத்திரிப் பஞ்சு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. இதையெல்லாம் மறுபயன்பாடு என்று யாரும் கொண்டாடுவதில்லை. பொழப்பு, அவ்வளவுதான்.

மில்லே கழிவாகும்போது என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பின்னி மில்லைப் பார்க்கலாம். அதன் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடரில் பெரும்பகுதியினர் உள்ளே போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. பிறகு கூடங்கள் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போயின. வில்லனின் கிடங்காக அந்தச் சுவர்களைப் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அப்புறம் அடுக்குமாடி வீடுகள் வந்தன.

சங்கம் பிறந்த கதையை நம் இடதுசாரிகள் (என்னையும் சேர்த்துத்தான்) மேடைக்கு மேடை சொல்கிறோம். புளியந்தோப்பு வந்ததும் குரல் தணிந்துவிடுகிறது. வர்க்க ஒற்றுமை என்ற கதையாடலுக்குள் சாதி அடங்க மறுத்த இடம் அது. ‘இங்கேதான் நடந்தது’ என்று காட்ட ஒரு கேட்கூட இல்லாமல் போனால் நம் மௌனத்துக்கு வசதியாகிவிடும்.

இதை இந்தப் பக்கத்துக்காகத்தான் சொல்கிறேன். 1990களின் கடைசியிலிருந்து தமிழக நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பேர் வைத்து, மூன்று வருசம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாகப் பணம் என்று இளம்பெண்களைச் சேர்த்தார்கள். ஏட்டில் அவர்கள் தொழிலாளிகூட இல்லை, பயிற்சியாளர்கள். நாளைக்கு அப்படி ஒரு கட்டிடம் மண்டபமோ மியூசியமோ ஆனால், மெஷினைத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைக்கலாம். இந்தப் பெண்களை எந்தப் பதிவேட்டிலிருந்து எடுப்பது? புகைபோக்கியை இடிக்காதே என்று மனு எழுதும் நண்பர்கள், மஸ்டர் ரோல், விடுதிப் பதிவேடு, சங்கத்து மினிட்ஸ் நோட்டு இவற்றையும் கேட்டு எழுதட்டும். பழைய பேப்பர் கடைக்கு முதலில் போவது அவைதான்.