இருட்டுதான் இங்கே மூலதனம்

நட்சத்திரங்களைக் காண லடாக்கின் ஹான்லேவுக்குப் பயணிகள் படையெடுக்கிறார்கள். அவர்களுடைய ஹெட்லைட்டுகள்தான் இப்போது கவலை.

சுற்றுலாத் தலம் என்றாலே வண்ண விளக்கு அலங்காரம் என்று பழகிவிட்ட நாட்டில், விளக்கை மறைத்துப் பிழைக்கிறது ஓர் ஊர். லே நகரிலிருந்து சுமார் 270 கி.மீ. தொலைவில், சீன எல்லையை ஒட்டிய ஹான்லேவில், ஜன்னல்களுக்குக் கனத்த திரை, விளக்குகளுக்கு மூடி, வாகனங்களுக்கு ஹை பீம் கூடாது என்ற கட்டுப்பாடு. 2022 டிசம்பரில் இதைச் சுற்றியுள்ள 1,073 சதுர கி.மீ. பகுதி, நாட்டின் முதல் 'இருள் வான் காப்பகம்' என்று அறிவிக்கப்பட்டது.

தொடக்கம் விஞ்ஞானிகளுடையது. 4,500 மீட்டர் உயரம், வறண்ட காற்று, மேகமற்ற இரவுகள். இவற்றுக்காகவே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 2000இல் இங்கே 2 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது. செயற்கைக்கோள் தொடர்பு மூலம் பெங்களூர் அருகே ஹொசகோட்டேயிலிருந்து அது இயக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் காவலூர் வான் ஆய்வகமும் இதே நிறுவனத்துடையதுதான்.

வானம் இருட்டாக இருக்க வேண்டுமானால் கீழே வசிப்பவர்களின் ஒத்துழைப்பு வேண்டும். எனவே உள்ளூர்வாசிகள் 24 பேருக்கு வானியல் பயிற்சியும் தொலைநோக்கிகளும் தரப்பட்டன. பஷ்மினா ஆடுகளை நம்பி வாழ்ந்த பகுதியில், வீட்டில் தங்கும் விருந்தினருக்கு சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்டுவதும் இன்று ஒரு வருமானம்.

சில சமயம் வானமே விருந்து வைக்கிறது. 2024 மே 10 இரவு, கடும் சூரியப் புயலின் விளைவாக ஹான்லேவின் அடிவானம் சிவந்தது. துருவப் பகுதிகளில் தெரியும் அதே ஒளிதான். பூமியின் வளைவு கீழ்ப்பகுதியை மறைத்துவிட, மிக உயரத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் உமிழும் சிவப்பு மட்டும் இங்கே தெரிந்தது.

இவ்வளவு மங்கலான ஒளியைக் காண, கண்கள் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். ஒரே ஒரு ஹெட்லைட் பாய்ந்தால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொலைநோக்கிக்கும் அதே கதிதான்.

மற்ற ஊர்களில் கூட்டம் பெருகினால் விடுதியும் விளக்கும் பெருகும். ஹான்லே அந்த வழியில் போனால் விற்பதற்கு அதனிடம் சரக்கே இருக்காது. கிராமத்தார் தங்கள் பங்குக்குத் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். காரில் வருபவரின் விரல் சுவிட்சுக்குப் போகுமா என்பதுதான் கேள்வி.