கோழி விருந்தில் எழுந்த பள்ளிக்கூடம்

ஊரில் பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமென்றால் நாம் யாரைத் தேடிப் போவோம்? சர்க்காரை, இல்லாவிட்டால் ஒரு பெரிய தனக்காரரை. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பினப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோழி வறுத்து, விருந்து வைத்து விற்றார்கள். அந்தக் காசில் பள்ளிக்கூடம் எழுந்தது!

"தனித்தனியே, ஆனால் சமமாக" இருக்கலாம் என்று 1896-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 'தனி' உடனே நடந்தது. 'சமம்' காகிதத்தோடு நின்றது. வெள்ளைக் குழந்தைகளுக்கு நல்ல கட்டடம். கறுப்புக் குழந்தைகளுக்கு மாதா கோவில் மூலையும் ஒழுகும் கொட்டகையும்.

அடிமையாகப் பிறந்து டஸ்கீகி கலாசாலையின் தலைவராக உயர்ந்தவர் புக்கர் வாஷிங்டன். சிகாகோ வியாபாரி ஜூலியஸ் ரோஸன்வால்ட் 1912-ல் தம் 50-வது பிறந்த நாளை ஒட்டி அவரிடம் 25,000 டாலர் கொடுத்தார். அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு 6 பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார் வாஷிங்டன். அந்த ஆறு, 1932-க்குள் 15 மாகாணங்களில் 4,900-க்கு மேல் ஆயிற்று.

ஆனால் ரோஸன்வால்ட் ஒரு நிபந்தனை போட்டார்: ஊராரும் பங்கு தர வேண்டும். ஆண்கள் பருத்தி வயலில் ஒரு பாத்தியைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள். அலபாமாவில், அடிமைக் காலத்தைக் கண்ட கிழவர் ஒருவர், ஆயுள் முழுதும் சேர்த்த 38 டாலரை ஓர் அழுக்குப் பையிலிருந்து மேஜை மேல் கொட்டிவிட்டுப் போனார். கணக்கைப் பாருங்கள்: ரோஸன்வால்ட் நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர், அந்த ஏழைகள் தந்தது சுமார் 47 லட்சம்! இத்தனைக்கும் வரியும் கட்டியவர்கள் அவர்கள்.

மின்சாரம் இல்லாத ஊர்கள் அல்லவா? கிழக்கு, மேற்கு வெளிச்சம் உள்ளே வரும்படி திசை பார்த்து, வரிசை வரிசையாக உயரமான ஜன்னல்கள் வைத்தார்கள். (நம் வீட்டு அடுப்பங்கரைக்கு ஒரு ஜன்னல் வைக்க மேஸ்திரியிடம் எத்தனை மன்றாட வேண்டியிருக்கிறது!) கட்டி முடித்த கட்டடத்தை ஜில்லா அதிகாரிகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு வந்தவை பெரும்பாலும் வெள்ளைப் பள்ளிகள் கழித்துப்போட்ட புத்தகங்கள். ஆசிரியைகளுக்குக் குறைந்த சம்பளம். அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் படித்தவர்தான், பின்னால் அமெரிக்கக் காங்கிரஸில் அமர்ந்த ஜான் லூயிஸ்.

1954-ல் கோர்ட் பிரிவினையைத் தள்ளியது. நாளடைவில் இப்பள்ளிகள் மூடப்பட்டன. பல இடிந்தே போயின. ஏறக்குறைய 500 மட்டும் மிச்சம். அவற்றில் சிலவற்றைப் பழைய மாணவர்களே, தாய்மார்கள் செய்ததுபோல மறுபடி காசு சேர்த்து, பழுது பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.