சஷ்டி விரதமும் காலைக் காப்பியும்

ஐப்பசி அமாவாசை கழிந்த மறுநாள், பிரதமையில் கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்தும் தொலைதூர ஊர்களிலிருந்தும் வரும் அடியார்கள் பலர் திருச்செந்தூர்க் கோயில் வளாகத்திலேயே ஆறு நாளும் தங்கி விரதம் காக்கின்றனர். பாலும் பழமும் மட்டும் கொள்வோர், இளநீரோடு நிறுத்திக்கொள்வோர், ஒருவேளை உணவு உண்போர் என விரத முறைகள் பல. இவர்களுள் வயதில் மூத்தோர் சிலரை முதல் நாள் மாலையிலோ இரண்டாம் நாளிலோ ஒரு தலைவலி வந்து வாட்டுகிறது. நெற்றியில் கனம், ஓயாத கொட்டாவி, காரணமற்ற எரிச்சல். வயிறு காய்ந்ததால் வந்த வலி என்று உடனிருப்போர் ஆறுதல் கூறுவர். பசியும் நீர்க்குறைவும் தலைவலி தரக்கூடியவையே. ஆயினும் நாள்தோறும் காப்பி அருந்திப் பழகியவர்க்கு அதைவிட அணுக்கமான காரணம் ஒன்று உண்டு. அன்று காலையில் வழக்கமான காப்பி உள்ளே போகவில்லை.

காப்பியில் உள்ள காஃபீன் என்னும் பொருள், மூளைக்கு அயர்வை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. மூளையின் இரத்தக் குழாய்களையும் சற்றே சுருங்க வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் காப்பி அருந்துவோரின் உடல் இதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. காப்பி திடீரென நின்றால் அடினோசின் தடையின்றிச் செயல்படும், சுருங்கியிருந்த குழாய்கள் விரியும், தலை வலிக்கும். கடைசிக் காப்பிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் இது தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் உச்சத்தை எட்டும். சிலருக்கு இரண்டு நாளில் அடங்கும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் காஃபீன், அதாவது ஒரே ஒரு நல்ல டம்ளர் காப்பி அருந்துவோரிடமும் இது காணப்படுகிறது.

தம் உடல் இனி விரதத்தைத் தாங்காது என்று முடிவு செய்து, பல்லாண்டு காத்த நோன்பையே கைவிடும் முதியோர் உண்டு. வெறும் வயிற்றில் வலி மாத்திரையை விழுங்குவோரும் உண்டு. இரண்டாவது செயலே கூடுதல் தீங்கு. வலி மாத்திரைகள் சில இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. இத்தனைக்கும் தேவைப்பட்டது முன்யோசனை ஒன்றுதான். விரதத்துக்குப் பத்து நாட்கள் முன்பிருந்தே, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் உடல் மெல்லப் பழகிவிடும். இதில் ஓர் இடர் இருக்கிறது. சஷ்டிக்குச் சற்று முன்னதாகவே தீபாவளி வந்துவிடுகிறது. வருவோர் போவோரோடெல்லாம் சேர்ந்து காப்பி அருந்தும் நாள் அது. ஆகவே குறைக்கும் முயற்சியைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுவது நலம். பாலை ஏற்கும் விரதத்தில் காப்பிக்கும் இடமுண்டா என்பது அவரவர் குல வழக்கமும் வீட்டுப் பெரியோரும் தீர்மானிக்க வேண்டியது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. தாங்கவொண்ணாத தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி ஆகியவற்றைக் காப்பியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் தொடங்குவதும் தகாது.

முத்துக்குளித்துறைக்குக் காப்பி மிகத் தொன்மையான பழக்கமன்று. பாபா புதான் என்ற சூஃபி அடியார் அரபு நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, அவற்றில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்றோரே. தூத்துக்குடித் துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பல்கள் சென்றன. 1869இல் அங்கே இலைத்துரு நோய் தோன்றிக் காப்பிச் செடிகளை அழிக்க, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. அக்காலத்தில் நம் வீடுகளின் காலைப் பானம் நீராகாரம். காப்பி மனைதோறும் நுழைந்தது பின்னர்தான். இன்று அதைப் பரம்பரை வழக்கம் என்றே பலர் எண்ணுகின்றனர்!

அப்படியானால் நாளொன்றுக்கு எவ்வளவு அருந்தலாம்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, காஃபீன் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க அமைப்புகள் நலமுள்ள பெரியவர்க்கு 400 வரை ஏற்கின்றன. வடித்த காப்பி 150 மில்லிலிட்டரில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65ம், தேநீரில் 30 முதல் 65ம் இருப்பதாக அந்த வழிகாட்டி கணக்கிடுகிறது. சிக்கரியில் காஃபீன் இல்லை. ஆகவே சிக்கரி கலந்த தூளில் அளவு சற்றுக் குறையும். ரொபஸ்டா வகைக் கொட்டையிலோ அராபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உண்டு. மொத்தத்தில், கெட்டி டிகாக்ஷனில் கலந்த மூன்று டம்ளர் அந்த 300ஐத் தொட்டுவிடும். இடையில் அருந்தும் தேநீரும் இதே கணக்கில் சேரும்.

எண்ணிக்கையைக் காட்டிலும் முதியோர்க்கு முக்கியமானது கடிகாரம். உட்கொண்ட காஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை நான்கு மணிக் காப்பியின் பாதி இரவு ஒன்பதுக்கும், கால் பங்கு நள்ளிரவு தாண்டி இரண்டுக்கும் உடலில் உலவும். இரவெல்லாம் புரண்டுவிட்டு, அந்தச் சோர்வைப் போக்க விடியலில் மீண்டும் காப்பியைத் தேடுவது சுழலில் சிக்கிய படகின் நிலை. ஸ்ரீவைகுண்டத்திலும் நவதிருப்பதிகளிலும் வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிப்போர் அந்த ஓர் இரவுக்கு மாலைக் காப்பியை நாடினால் அது வேறு. மற்றை நாட்களில் காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று என இரண்டோடு நிற்பதே அறுபதைக் கடந்தோர்க்கு ஏற்றது.

தைராய்டு மாத்திரை உண்போர், அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் சென்றபின் காப்பி அருந்த வேண்டும். இல்லையேல் மருந்து முழுமையாக உடலில் சேராது. இரும்புச் சத்தும் அப்படியே. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, தேநீர் கூடாதென்பது ஹைதராபாத் வழிகாட்டியின் அறிவுரை. இட்லியும் காப்பியும் ஒருசேர வேண்டும் நம்மவர்க்கு இதுவே கடினமான விதி. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரை மணியிலும் காப்பியைத் தவிர்த்தால்தான் சரியான எண் கிடைக்கும்.

ஆவி பறக்க அருந்துவோர்க்கு ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல், காப்பியைப் புற்றுநோய் தருவதென்று வகைப்படுத்தப் போதிய சான்றில்லை என்று அறிவித்தது. ஆனால் 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. டவராவில் இரண்டு முறை ஆற்றுவது வெறும் சடங்கன்று.

மாலையில் கை டம்ளரைத் தேடும் வழக்கத்தை விட முடியாதோர்க்கு இந்தக் கடற்கரையே ஒரு வழி வைத்திருக்கிறது. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டு, கருப்பட்டி இட்டுக் காய்ச்சும் சுக்குக் காப்பியில் பெயரளவில்தான் காப்பி. காஃபீன் துளியும் இல்லை. உறக்கம் கெடாது. திருச்செந்தூருக்கு அருகிலுள்ள உடன்குடியின் கருப்பட்டி அதற்குப் பெயர்பெற்றது. கருப்பட்டி நீரிழிவுக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கை மட்டும் சரியன்று. அதுவும் சர்க்கரையே; இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவுள்ளோர் கருப்பட்டியை விடுத்து, சுக்கும் மல்லியும் மட்டும் கொதிக்க வைத்து வடிகட்டி அருந்தலாம்.