மாரியோ என்ன பாவம் செய்தான்?

தேவாலாவில் மழை.

'இது ஒரு நியூஸா?' என்று நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். வாஸ்தவம்தான். தென்மேற்குப் பருவம் ஆரம்பித்தால் எங்கள் ஊரில் துவைத்த துணி காய ஒரு வாரம், காய்ந்த துணி நனைய ஒரு நிமிஷம். வானிலைச் செய்தியில் 'அதிகபட்சமாக தேவாலாவில்...' என்று வாசித்தால் போதும், எங்கப்பா ஏதோ நாங்களே ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்துவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்காருவார்.

அப்படி ஒரு மழை நாளில் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

''டேய், உன் மருமகனை என்னன்னு கேளு! நாள் பூரா போனும் கையுமா உட்கார்ந்திருக்கான். கேம்... கேம்... கேம்! இதுலதான் புள்ளைங்க கெட்டுச் சீரழியுதுன்னு பேப்பர்ல போடறான். ப்ளூ வேலுன்னு ஒண்ணு வந்துச்சே... பப்ஜியை கவர்மென்ட்டே தடை பண்ணுச்சே... அதெல்லாம் சும்மாவா?''

மருமகன் பத்தாவது படிக்கிறான். 'மாமா, காப்பாத்துங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினான். வெளியே போய் விளையாடவும் வழியில்லை. பகலில் மழை, அட்டை. இருட்டினால் யானை!

''தீர்ப்பு சொல்ல ஒரு நாள் டயம் கொடு'' என்றேன். நான் பி.காம். கணக்கைப் பார்க்காமல் எந்தக் கம்பெனியையும் திவால் என்று சொல்ல மாட்டேன்.

இதில் எனக்கு ஒரு பழைய பாக்கியும் இருந்தது.

2001. நான் ஆறாவது. அப்பா எஸ்டேட் போனஸில் கூடலூர் போய், டி.வி.யில் மாட்டுகிற வீடியோ கேம் ஒன்று வாங்கி வந்தார். மஞ்சள் கலர் கேஸட். மேலே '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உண்மையில் ஆறோ ஏழோதான்! மீதியெல்லாம் அதே கேம், வேறு பெயர், வேறு ஆரம்பம். (கணக்கில் தில்லுமுல்லு என்றால் என்ன என்று நான் முதலில் கற்றுக்கொண்டது அங்கேதான்.) கேஸட் ஓடவில்லை என்றால் எடுத்து வாயால் 'ஃபூ' என்று ஊத வேண்டும். அந்த மாரியோ குழிக்குக் குழி தாவி ஓடுவான். கூடவே நானும் ஓடினேன்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மார்க். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கேஸட்டை எடுத்தாள், வெந்நீர் அடுப்பில் போட்டாள். நாலு வீடு தள்ளி வரைக்கும் நாற்றம்! மாரியோவுக்கு அன்றைக்கே தகனம் முடிந்தது.

அடுத்த பரீட்சையில் 34 வாங்கினேன். மூன்று மார்க்குக்கு ஒரு உயிர்!

அன்று முதல் ஒரு சந்தேகம். மாரியோ நிஜமாகவே குற்றவாளிதானா? கேம்களுக்கு வந்த கெட்ட பெயரெல்லாம் நியாயமானதுதானா? ராத்திரி மழைச் சத்தத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகப் புரட்டினேன்.

மண்ணில் புதைத்த கேம்

'உலகத்திலேயே மட்டமான வீடியோ கேம் எது?' என்று கேட்டால் பலரும் சொல்கிற பெயர் 'ஈ.டி.' 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் படம் சக்கைப்போடு போட்டதும், அமெரிக்காவின் அடாரி கம்பெனி பெரும் பணம் கொடுத்து உரிமையை வாங்கியது. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆளிடம் வேலையைக் கொடுத்தார்கள். மற்ற கேம்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் தருவார்கள். இவருக்குக் கிடைத்தது வெறும் ஐந்து வாரம்!

கேம் வந்தது. ஈ.டி. குழியில் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். வாங்கினவர்கள் வெறுத்துப் போனார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றும், தேவைக்கு மேல் செய்து வைத்திருந்ததால் மிச்சம் மலை மாதிரி குவிந்தது. 1983-ல் அடாரி தன் சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்ஸிகோவில் அலமொகார்டோ என்ற ஊர்க் குப்பை மேட்டில் புதைத்தது. அதே சமயம் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரமே படுத்தது. பழி முழுக்க ஈ.டி. தலையில்!

2014 ஏப்ரலில் அந்தக் குப்பை மேட்டைத் தோண்டினார்கள். ஈ.டி. கிடைத்தது. ஆனால் கூடவே அடாரியின் மற்ற கேம்களும் ஏராளம், நன்றாக விற்றவை உட்பட! கண்ட கண்ட கம்பெனியெல்லாம் கேம் போட்டுச் சந்தையை நிரப்பியதும், தேவைக்கு மேல் சரக்கு அடித்ததும்தான் அடாரியைச் சாய்த்தது. மட்டமான கேமா? ஆமாம். கொலைகாரனா? இல்லை. (அந்த வார்ஷா பிற்பாடு மனநல ஆலோசகர் ஆகிவிட்டார். அனுபவம் பேசுகிறது!)

இந்தக் கதை தேவாலாக்காரனுக்குப் புதிதல்ல. 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் எங்கள் மலையில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாக ஆரம்பித்துப் பங்கு விற்றார்கள். பாறை உடைக்கும் இயந்திரங்கள் மலையேறின. தங்கம் இருந்தது நிஜம். ஆனால் செலவுக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு இல்லை. சில வருஷத்தில் எல்லாம் காலி. பழைய சுரங்கக் குழிகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. 'தேவாலா ஏமாற்றிவிட்டது' என்று பெயர். மலை யாரிடமாவது பங்கு விற்றதா, சொல்லுங்கள்?

நம் நாட்டிலும் ஒரு ஈ.டி. உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி தடையான இரண்டாம் நாளே, 'ஃபௌ-ஜி' என்ற சுதேசி கேம் வருகிறது என்று நடிகர் அக்ஷய் குமார் அறிவித்தார். பெங்களூர் கம்பெனி தயாரிப்பு. 2021 குடியரசு தினத்தன்று வந்தது. துப்பாக்கிச் சண்டை, நண்பர்களோடு கூட்டாக ஆடலாம் என்று காத்திருந்தவர்களுக்கு, முதலில் கிடைத்தது தனியாளாகக் கையாலும் தடியாலும் அடிக்கிற கதை. திட்டித் தீர்த்தார்கள். ஸ்டார் மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. சாதாரண கேம்தான். ஆனால் தலையில் தேசியக் கொடியையும் பப்ஜியின் சிம்மாசனத்தையும் சேர்த்து ஏற்றினால் எந்தக் கேமும் கூன் விழத்தான் செய்யும்.

இல்லாத திமிங்கிலம்

அடுத்த ஃபைல் 'ப்ளூ வேல்'. 2017-ல் தமிழ்நாட்டையே உலுக்கிய பெயர். ஐம்பது நாள், ஐம்பது கட்டளை, கடைசியில் சாவு என்றார்கள். ஆகஸ்டில் மத்திய அரசு, இணையத்தில் அதன் சுட்டிகளை நீக்கச் சொல்லி கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. பள்ளிக்கூடங்களில் பையன்கள் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், திமிங்கிலம் கீறியிருக்கிறதா என்று.

மத்திய அரசு ஒரு குழு போட்டு விசாரித்தது. போன், இணையப் பதிவுகள், தடயங்கள் எல்லாவற்றையும் அலசினார்கள். 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது: இந்தச் சம்பவங்களில் ஒன்றில்கூட ப்ளூ வேலின் பங்கு உறுதியாகவில்லை.

பதற்றத்தைக் கேலி செய்யவில்லை. பறிபோனவை நிஜமான உயிர்கள். ஆனால், 'கேம்தான் காரணம்' என்று சொல்லி முடித்ததால், அந்தப் பிள்ளைகளை வாட்டியது என்ன என்ற கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. கெட்ட பெயர் சுமக்க ஒருத்தன் கிடைத்துவிட்டால் நாம் விசாரணையை மூடிவிடுகிறோம் பாருங்கள், அதுதான் ஆபத்து.

பாதிக் குற்றவாளி

பப்ஜி? 2019 மார்ச்சில் குஜராத் ராஜ்கோட்டில் தடையை மீறி ஆடியதாக மாணவர்களைப் போலீஸ் கைது செய்தது. 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது அதில் பப்ஜியும் ஒன்று. 'பார்த்தியா, பிள்ளைகளைக் கெடுத்ததால்தான் தடை' என்றாள் அக்கா. இல்லை! எல்லையில் சீனாவோடு பிரச்னை, தகவல் பாதுகாப்பு... அதற்காகத்தான் தடை. 2021-ல் பெயரை மாற்றிக்கொண்டு வந்தது. 2022-ல் மறுபடி போயிற்று. 2023-ல், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற மாதிரி கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது.

அப்படியென்றால் அடிமையாவது பொய்யா? அதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'கேமிங் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மூன்று அடையாளம் சொல்கிறது. ஒன்று, நிறுத்த நினைத்தாலும் முடியாமை. இரண்டு, சாப்பாடு, தூக்கம், படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலே கேம். மூன்று, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. அதுவும் பொதுவாக ஒரு வருஷ அளவுக்கு நீடிக்க வேண்டும். ஆடுகிறவர்களில் சிறு பகுதியினர்தான் இதில் சிக்குகிறார்கள். மழைக்கு ஒதுங்கி ரெண்டு மணி நேரம் ஆடுகிறவன் இந்தக் கணக்கில் வரமாட்டான்.

நல்ல பெயரோடு வந்தவன்

கடைசி ஃபைலைத் திறக்கும்போது கை நடுங்கியது. இது என் சித்தப்பா மகனுடையது. பெயர் வேண்டாம். எங்கள் வீட்டில் அவனுக்கு 'தங்கமான பிள்ளை' என்று பெயர். குடி கிடையாது, பீடி கிடையாது. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் திண்ணையில் போனோடு உட்காருவான். ''அவனைப் பாருடா, வீட்டுக்கு வந்தும் ஆபீஸ் வேலை பாக்குறான்'' என்று எனக்கு உதாரணம் காட்டுவாள் அம்மா.

அவன் பார்த்தது ரம்மி. ஆன்லைன் ரம்மி.

முதல் வாரம் எண்ணூறு ரூபாய் ஜெயித்தான். இரண்டாவது வருஷ முடிவில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் போயிருந்தது. மதினியின் தாலிச் சங்கிலி அடகுக்கடையில் இருக்கிறது என்பது, அண்டைவீட்டுக் கல்யாணத்துக்கு அவள் வெறும் மஞ்சள் கயிறோடு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கணக்கு ரொம்ப எளிது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயப் பணத்தில் ஒரு பங்கைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். யார் ஜெயித்தாலும் அதற்கு லாபம். ஆக, மேஜையில் இருக்கிற பணம் சுற்றச் சுற்றக் குறைந்துகொண்டே வரும். தோற்றவன் விட்டதைப் பிடிக்க மறுபடி வருவான். மாரியோ குழியில் விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்தக் குழியில் விழுந்தால் முதலே போச்சு!

வேடிக்கை என்ன தெரியுமா? இதற்குக் கெட்ட பெயரே இல்லை. சினிமா நட்சத்திரங்கள் சிரித்துக்கொண்டே விளம்பரம் செய்தார்கள். 'திறமைக்கான விளையாட்டு' என்று பட்டம். தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும், பிறகு சட்டமும் போட்டது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு வந்த புதுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் சூதாட்டப் பட்டியலிலிருந்து நீதிமன்றம் நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்று நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியது. இத்தனை வருஷ இழுபறி! மாரியோவுக்கு அம்மா எடுத்துக்கொண்டது அரை நிமிஷம்.

தீர்ப்பு

மறுநாள் காலை பஞ்சாயத்து கூடியது. என் ஐந்தொகைக் கணக்கை வாசித்தேன்.

''அக்கா, பேரைப் பார்த்துப் பயப்படாதே. மூணே கேள்வி கேளு. இதுல பணம் கட்டறானா? நிறுத்துடான்னா நிறுத்தறானா? தூக்கமும் சோறும் ஒழுங்கா இருக்கா? முதல் கேள்விக்கு 'ஆமா'ன்னாலோ, மத்த ரெண்டுக்கு 'இல்லை'ன்னாலோ எனக்கு போன் பண்ணு. மத்தபடி, சாயங்காலம் ஒரு மணி நேரம் விடு. முடிஞ்சா பக்கத்துல உட்கார்ந்து என்ன ஆடறான்னு பாரு.''

அக்கா அரை மனதாகத் தலையாட்டினாள். மருமகன் 'ஒரு மணி நேரம் கம்மி மாமா' என்று அப்பீலுக்குப் போனான். தள்ளுபடி!

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: ''அன்னிக்கு எனக்குத் தெரிஞ்ச கெட்டது அது ஒண்ணுதான்டா. கண்ணுக்குத் தெரிஞ்சதை எரிச்சேன். திண்ணையில இருந்தது தெரியலையே...''

யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

சித்தப்பா மகன் இப்போது பட்டன் போன்தான் வைத்திருக்கிறான். மாதாமாதம் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மதினியிடம் கொடுக்கிறான். கடனில் பாதி அடைந்துவிட்டது. சங்கிலி இன்னும் வரவில்லை.

மருமகன்தான் நிலைமையைச் சமாளித்தான். ''பாட்டி, மாமாவோட பழைய மாரியோ மாதிரியே ஒண்ணு போன்ல இருக்கு. ஆடறியா?''

'எனக்கெதுக்குடா இந்தக் கருமம்' என்றவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தொப்பிக்காரன் ஓடினான். தாவினான். மூன்றாவது குழியில் விழுந்தான்.

''அய்யய்யோ, விழுந்துட்டான்டா!'' என்று பதறினாள் அம்மா. பிறகு பேரனைப் பார்த்து ரகசியமாகக் கேட்டாள்:

''இன்னொரு உசுரு தருவானா?''