இரண்டாம் முறை திவால் மனு: எப்போது போடுவது? செலவுக்கு என்ன வழி?
அமெரிக்க விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டம்

அமெரிக்க விவசாயி என்றதும் பல நூறு ஏக்கர் நிலமும் பெரிய டிராக்டரும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பல குடும்பங்களில் அந்த நிலத்தின் மீதும் டிராக்டரின் மீதும் வங்கிக் கடன் நிற்கிறது. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் அங்கேயும் ஜப்தி உண்டு, ஏலம் உண்டு. நம் பக்கத்தில் "மஞ்சள் கடுதாசி கொடுப்பது" என்று சொல்லும் திவால் மனு, அங்கே விவசாயி நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியாகவும் இருக்கிறது. ஒரு முறை மனுப் போட்டுத் தப்பியவர் மறுபடியும் நொடித்துப்போனால் என்ன ஆகும்? இரண்டாம் மனுவுக்கு நாள் கணக்கு உண்டு, பணக் கணக்கும் உண்டு. இரண்டில் எது தவறினாலும் நிலம் கைவிட்டுப் போகும்.

விவசாயிக்கென்று ஒரு சட்டம்

1970-களில் அமெரிக்காவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. அதை நம்பி விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் வட்டி கடுமையாக உயர்ந்தது. விளைபொருள் விலை விழுந்தது. மக்காச்சோளத்துக்குப் பெயர் போன அயோவா மாநிலத்தில் 1981-ல் ஏக்கர் சராசரி 2,147 டாலருக்குப் போன நிலம், 1986-ல் 787 டாலருக்கு இறங்கிவிட்டது. கடன் தொகை மட்டும் இறங்கவில்லை.

இந்த நெருக்கடியில்தான், 1986 நவம்பர் 26 முதல், திவால் சட்டத்தில் 12-வது அத்தியாயம் அமலுக்கு வந்தது. விவசாயக் குடும்பங்களுக்கென்றே எழுதப்பட்ட பகுதி இது. முதலில் தற்காலிகமாக வந்து, பல முறை நீட்டிக்கப்பட்டு, 2005-ல் நிரந்தரமாயிற்று. தொடக்கத்தில் 15 லட்சம் டாலர் வரை கடன் உள்ளவர்களே இதில் சேரலாம் என்று இருந்தது. 2019-ல் இந்த வரம்பு 1 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. விலைவாசிக்கு ஏற்ப மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அது திருத்தப்படுகிறது.

மூன்று வழிகள்

தனி மனிதருக்குப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. 7-வது அத்தியாயத்தில், சட்டம் விட்டுவைக்கும் சொத்துக்கள் போக மற்றவை விற்கப்பட்டுக் கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும். பாக்கியில் பெரும்பகுதியிலிருந்து மனுதாரர் விடுதலை பெறுவார். 13-வது அத்தியாயத்தில் சொத்தை வைத்துக்கொண்டு, நிலையான வருமானத்திலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தவணை கட்ட வேண்டும். மனுப் போட்ட 30 நாட்களுக்குள் முதல் தவணையைக் கட்டத் தொடங்க வேண்டும்.

அறுவடைக்கு அறுவடை பணம் பார்க்கிற விவசாயிக்கு மாதத் தவணை ஒத்துவராது. 12-வது அத்தியாயத்தில் அறுவடைக்குப் பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை கட்டும்படியும் திட்டம் போடலாம். மனுப் போட்ட 90 நாட்களுக்குள் திட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். டிராக்டரின் இன்றைய விலை கடனைவிடக் குறைவானால், அந்த விலை அளவுக்கே அடமானக் கடனாகக் கணக்கிடவும் கோர்ட் அனுமதிக்கும்.

நாள் கணக்கு

முதல் மனுவில் கடன் விடுதலை பெற்றவர், மறுபடியும் விடுதலை பெறச் சட்டம் இடைவெளி விதித்திருக்கிறது.

* 7-க்குப் பின் மீண்டும் 7: எட்டு ஆண்டுகள்.
* 7 அல்லது 12-க்குப் பின் 13: நான்கு ஆண்டுகள்.
* 13-க்குப் பின் மீண்டும் 13: இரண்டு ஆண்டுகள்.
* 12 அல்லது 13-க்குப் பின் 7: ஆறு ஆண்டுகள். ஆனால் முன் திட்டத்தில் ஈடில்லாக் கடனை முழுவதும் அடைத்திருந்தாலோ, நல்லெண்ணத்துடன் இயன்ற அளவு முயன்று 70 சதவீதமாவது அடைத்திருந்தாலோ இந்தத் தடை இல்லை.
* 12-வது அத்தியாயத்தில் புதிதாக விடுதலை பெற இப்படி ஆண்டுக் கணக்கு எதுவும் விதிக்கப்படவில்லை. விவசாயிக்கு இது பெரிய சலுகை.

இந்த ஆண்டுகளை எண்ணுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். விடுதலை கிடைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. முதல் மனு தாக்கலான நாளிலிருந்து இரண்டாம் மனு தாக்கலாகும் நாள் வரை எண்ண வேண்டும். ஒருவர் 2018 மார்ச் 10-ல் 7-வது அத்தியாயத்தில் மனுப் போட்டு, ஜூலையில் விடுதலை பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எட்டு ஆண்டுகள் 2026 மார்ச் 10-ல் நிறைகின்றன. ஜூலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் முந்திப் போட்டாலோ, செலவும் உழைப்பும் போய், கடன் மட்டும் மிஞ்சும்.

மனு தள்ளுபடியாகியிருந்தால்

விடுதலை கிடைக்காமல் முதல் மனு பாதியில் தள்ளுபடியானவர்களுக்கு விதிகள் வேறு. கோர்ட் உத்தரவை வேண்டுமென்றே மீறியதால் தள்ளுபடியானாலும், ஜப்திக்கு அனுமதி கேட்டு வங்கி மனுச் செய்த பிறகு விவசாயியே தன் மனுவை வாபஸ் வாங்கினாலும், 180 நாட்களுக்குப் புது மனு போட முடியாது. ஏலத்தை நிறுத்துவதற்காகவே மனுப் போட்டு வாபஸ் வாங்குவதைத் தடுக்க வந்த விதி இது.

பொதுவாக மனுப் போட்ட உடனே ஜப்தியும் ஏலமும் தாமாகவே நின்றுவிடும். ஆனால் ஓராண்டுக்குள் ஒரு மனு தள்ளுபடியாகி, மறுபடியும் 7 அல்லது 13-ல் போட்டால், இந்தப் பாதுகாப்பு 30 நாட்களே இருக்கும். அந்த 30 நாட்களுக்குள் கோர்ட்டில் விசாரணை முடிந்து, மனு நல்லெண்ணத்துடன் போடப்பட்டது என்று நிரூபித்தால்தான் நீடிக்கும். இந்த 30 நாள் விதியில் 12-வது அத்தியாயம் சேர்க்கப்படவில்லை. ஆனால் ஓராண்டுக்குள் இரண்டு மனுக்கள் தள்ளுபடியாகியிருந்தால், மூன்றாவது மனு எந்த அத்தியாயத்தில் இருந்தாலும் பாதுகாப்பு தாமாகக் கிடைக்காது. கோர்ட்டைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

விதைப்புக்கு முன்பா, பின்பா?

விவசாயிக்குச் சட்டத்தின் நாளோடு பயிரின் நாளும் முக்கியம். அயோவாவில் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மக்காச்சோளம் விதைக்கிறார்கள். "இனி விளையும் பயிரெல்லாம் ஈடு" என்று வங்கிப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும், மனுப் போட்ட பிறகு விதைக்கும் பயிரைப் பொதுவாக அந்தப் பழைய ஈடு பிடிக்காது. ஜூலையில் மனுப் போட்டால் வயலில் நிற்கும் பயிர் வங்கிக்கு ஈடாகவே இருக்கும். எனினும் சென்ற ஆண்டு விளைச்சலை விற்ற பணம் வங்கிக்கு ஈடாக இருந்தால், அதை எடுத்து விதையும் உரமும் வாங்க வங்கியின் சம்மதமோ கோர்ட்டின் அனுமதியோ வேண்டும். சாகுபடிக்கு ஈடு கொடுத்துப் புதுக் கடன் வாங்கவும் கோர்ட் அனுமதி தேவை.

வருமானக் கணக்கும் பார்க்க வேண்டும். 12-வது அத்தியாயத்தில் சேர, முந்தைய வரி ஆண்டின் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அல்லது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அப்படி இருந்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து மனுப் போடும்போது, வெளி வேலையில் வரும் சம்பளம் விவசாய வருமானத்தை மிஞ்சிவிட்டால் இந்த வழி அடைபட்டுப் போகலாம். டிசம்பரில் போடுவதற்கும் ஜனவரியில் போடுவதற்கும் கணக்கில் வரும் ஆண்டே மாறிவிடும்.

செலவு எவ்வளவு?

கோர்ட் கட்டணம் 7-வது அத்தியாயத்துக்கு 338 டாலர், 13-க்கு 313, 12-க்கு 278. ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் உண்டு. போன முறை கட்டியது கழிக்கப்படாது. நான்கு தவணை வரை பிரித்து, 120 நாட்களுக்குள் கட்ட அனுமதி கேட்கலாம். மிகக் குறைந்த வருமானம் உள்ளவர் 7-வது அத்தியாயத்தில் கட்டண விலக்கே கேட்கலாம். மற்ற இரண்டிலும் விலக்கு இல்லை. மனுப் போடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பெற்ற பழைய சான்றிதழ் செல்லாது.

பெரிய செலவு வக்கீல் கட்டணம். 7-வது அத்தியாயத்தில் அதை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். பாக்கி வைத்தால் அதுவும் மற்றக் கடன்களோடு சேர்ந்து கழிந்துபோகும் என்பதே காரணம். ஆகவே பலர் வருமான வரியில் திரும்பி வரும் தொகை கைக்கு வரும்வரை காத்திருந்து, அதைக் கட்டணமாகச் செலுத்துகிறார்கள். 12, 13 அத்தியாயங்களில் ஒரு பகுதியை முதலில் கொடுத்து, மீதியைக் கோர்ட் ஒப்புதலுடன் திட்டத்தின் வழியே தவணையில் கட்டலாம். திட்டத்தின் வழியே செல்லும் பணத்தில் டிரஸ்டிக்கும் பங்கு உண்டு. நூறு டாலர் கட்டினால் பத்து டாலர் வரை அதில் போகலாம் என்பதைத் திட்டம் போடும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மனுச் செலவுக்குப் பணம் புரட்டுகிறேன் என்று, திருப்பித் தரும் எண்ணமில்லாமல் புதுக் கடன் வாங்குவது மோசடியாகும். மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் அண்ணனுக்கோ மாமனாருக்கோ மட்டும் கடனைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அந்தப் பணத்தை அவர்களிடமிருந்து டிரஸ்டி திரும்பக் கேட்கக்கூடும்.

இரண்டாம் மனுவைத் தவிர்க்க

திட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஓராண்டு விளைச்சல் பொய்த்துவிட்டால், தவணையைக் கட்டாமல் விட்டு மனுவைத் தள்ளுபடியாக விடுவதே பெரும் தவறு. நிலைமை மாறிவிட்டது என்று காட்டி, திட்டத்தையே திருத்தித் தரும்படி கோர்ட்டைக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. திட்டக் காலம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பதே கட்டுப்பாடு. விவசாயியின் கையில் இல்லாத காரணத்தால் கட்டவே முடியாமல் போனால், சில நிபந்தனைகளுடன் இடையிலேயே கடன் விடுதலையும் கேட்கலாம். இவற்றுக்குப் புதுக் கோர்ட் கட்டணமோ ஆண்டுக் கணக்கோ தேவையில்லை.

மனுவுக்கு முன்பே பேசித் தீர்க்கவும் வழி இருக்கிறது. விவசாயியும் வங்கியும் நடுவர் முன் உட்கார்ந்து பேச 1980-களின் நெருக்கடியின்போது பல மாநிலங்களில் சமரச ஏற்பாடுகள் தொடங்கப்பட்டன. அயோவாவிலும் மினசோட்டாவிலும் விவசாயக் கடனுக்காக நிலத்தை ஜப்தி செய்யும் முன் வங்கி அந்தச் சமரசத்துக்கு வர வேண்டும். அங்கே போகும் விவசாயி எடுத்துச்செல்ல வேண்டியவை மூன்று: கடன் பத்திரங்கள், மூன்று ஆண்டு வரவு செலவு, முதல் மனு தாக்கலான தேதி.