ஊட்டி உறைபனியும் டென்மார்க் திரைச்சீலையும்

கிரின்ஸ்டெட் எங்கே இருக்குன்னு கேட்டா நான் சொல்ற அடையாளம் ஒண்ணுதான். லெகோ பொம்மை செய்யற பில்லுண்ட் இருக்கில்லையா, அதுக்கு மேற்கே அடுத்த டவுன். படிப்பு எஸ்பியர்ல, வாடகை கட்டுப்படியாகறது இங்கே. சுத்தி உருளைக்கிழங்கு வயல், மக்காச்சோளம், பன்றிப் பண்ணை, வரிசை பிடிச்சு நட்ட ஊசியிலை மரங்கள். குளிர், சாப்பாடு, டேனிஷ் உச்சரிப்பு பத்தியெல்லாம் ஏற்கனவே போதுமான அளவு புலம்பியாச்சு. அதனால இந்தப் பதிவு மண்ணைப் பத்தி :-)

இங்கே மண் சுத்தமான மணல். கடைசிப் பனியுகத்தில் ஜட்லாந்தின் நடுப்பகுதி வரைக்கும் பனிப்பாறை வந்து நின்றது. அது உருகி ஓடின தண்ணீர் மேற்குப் பக்கம் மணலை அள்ளிக்கொண்டு வந்து பாய் விரிச்ச மாதிரி பரப்பிட்டுப் போச்சு. பிறகு மனுஷன் வந்து காட்டை வெட்டினான், ஆடு மேய்ச்சான், அப்பப்போ தீ வெச்சான். இப்படி ஆயிரக்கணக்கான வருஷத்தில் உருவானதுதான் இவங்க ஹீத்னு சொல்ற குட்டைப் புதர்வெளி. அதில் முக்கியமான செடி ஹெதர். ஆகஸ்ட்ல போனா கண்ணுக்கு எட்டின வரை ஊதா நிறம். நம்ம குறிஞ்சி மாதிரி பன்னிரண்டு வருஷம் காக்க வைக்காது, வருஷா வருஷம் பூக்கும். ஆடு மேயற இடம் என்பதால் நான் இதை முல்லைத் திணையில் சேர்த்துட்டேன். தமிழாசிரியர்கள் யாராவது படிச்சா மன்னிக்கவும்.

ஒரு காலத்தில் மேற்கு ஜட்லாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் இருந்ததாம். 1760 வாக்கில் டென்மார்க் ராஜா ஜெர்மனியில் இருந்து ஆட்களைக் கூட்டி வந்து, கிரின்ஸ்டெட்டுக்குக் கிழக்கே இருக்கற ராண்ட்போல் ஹீத்தில் விவசாயம் பார்க்கச் சொன்னார். மண்ணோட லட்சணம் தெரிஞ்சு பல பேர் மூட்டை கட்டிட்டாங்க. 1864 போரில் ஜெர்மானியர்களிடம் தெற்குப் பகுதி பறிபோனது. இழந்த நிலத்துக்குப் பதிலா உள்ளே இருக்கற தரிசையாவது வெல்லணும்னு ஒரு வேகம் வந்தது. 1866ல டால்காஸ் என்ற பொறியாளர் முன்னின்று ஹீத் சங்கம் தொடங்கினார். வாய்க்கால் வெட்டி, சுண்ணாம்பு மண் கொட்டி, ஊசியிலை மரங்களை நட்டு, ஹீத்தைப் பெரும்பாலும் ஒழிச்சே விட்டாங்க. எங்க வீட்டுக்கார அம்மாகிட்ட ஹீத் அழகா இருக்குன்னு சொன்னேன். "அழகா? எங்க தாத்தா ஆயுசு பூரா அதை உழுது தொலைக்கத்தான் பாடுபட்டார்"னு சிரிச்சாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். மிச்சம் இருக்கற கொஞ்ச ஹீத்தும் பூமி சூடாச்சுன்னா என்ன ஆகும்? உட்கார்ந்து கணக்குப் போடாமல் வயல்வெளியில் செஞ்சே பார்த்திருக்காங்க. பார்த்தது எங்க ஊர்ல இல்லை. ஒரு இடம் ஜட்லாந்தின் கிழக்குக் கரையில் மோல்ஸ். இன்னொன்று கோபன்ஹேகன் தீவில் பிராண்ட்பியர்.

மோல்ஸில் செஞ்ச வித்தை எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெட்டவெளியை எப்படிச் சூடாக்குவீங்க? ஹீட்டர் வைக்கலை, கண்ணாடி வீடும் கட்டலை. சூரியன் மறைஞ்சதும் செடிகளுக்கு மேலே வெப்பத்தைத் திருப்பி அனுப்பற ஒரு திரைச்சீலை தானாகவே இழுத்து மூடிக்கும். காலையில் திறந்துக்கும். ராத்திரி மழை வந்தால் உணர்கருவி கண்டுபிடிச்சுத் திரையைச் சுருட்டிடும், செடிக்கு வரவேண்டிய மழை குறையாது. ஊட்டிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் மேகம் இல்லாத ராத்திரிதான் உறைபனி விழும். பகல் முழுக்க மண் வாங்கின சூடு அப்படியே வானத்துக்குப் போயிடும். மேகம் இருந்தால் பனி விழாது. காய்ந்த புல்லைப் போட்டுத் தேயிலைக் கன்றை மூடறதும் இதே கணக்குதான். மோல்ஸ் திரை ஒரு செயற்கை மேகம், அவ்வளவுதான். பக்கத்துப் பாத்தியில் இதுக்கு நேர் எதிர். மழை பெய்தால் மட்டும் திரை மூடும். அது வறட்சிப் பாத்தி. 1990களின் கடைசியில் டென்மார்க், வேல்ஸ், நெதர்லாந்து, ஸ்பெயின் என நாலு இடத்தில் இதை ஆரம்பிச்சாங்க.

பிராண்ட்பியரில் 2005ல தொடங்கினது இதைவிடப் பெரிய ஆட்டம். கிளவுஸ் பையர் தலைமையில் கிளைமெய்ட் என்ற திட்டம். 2075 வாக்கில் டென்மார்க் எப்படி இருக்கும்னு வானிலைக் கணிப்பு சொன்னதோ, அதை இப்பவே ஹீத் மேல் இறக்கினாங்க. 12 எண்கோண வளையங்கள், ஒவ்வொன்றிலும் நாலு பாத்தி, ஆக 48. பாதி வளையங்களில் குழாய் வழியா கரியமில வாயுவை விட்டு 510 பிபிஎம் அளவுக்கு ஏத்தினாங்க. அன்னிக்குக் காற்றில் இருந்தது 380 சொச்சம். இன்னிக்கே 420ஐத் தாண்டியாச்சு. இரவுச் சூடு தனியா, வறட்சி தனியா, வாயு தனியா, ரெண்டு ரெண்டா, மூணும் சேர்த்து, எதுவுமே செய்யாமல் சும்மா விட்டது என மொத்தம் எட்டு வகை. ஒவ்வொரு வகைக்கும் ஆறு பாத்தி.

ஏன் இத்தனை வகை? அங்கேதான் விஷயமே இருக்கு. அதுக்கு முன்னாடி வந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஒரு காரணியை மட்டும் மாத்திப் பார்ப்பாங்க. வாயுவைக் கூட்டினால் செடி கொழுக்குது, தண்ணியைக் குறைச்சால் வாடுது, சூட்டைக் கூட்டினால் மண்ணில் நுண்ணுயிர் வேகமா வேலை செய்யுது. இந்த மூணையும் கூட்டிப் போட்டால் எதிர்காலம் வந்துடும்னு ஒரு நினைப்பு. பிராண்ட்பியரில் அந்தக் கூட்டல் சரியா வரலை. மூணும் சேர்ந்தப்போ விளைவு, தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையா இல்லை, பல அளவீடுகளில் அதைவிடக் குறைவு. ஒண்ணு தள்ளினதை இன்னொண்ணு பிடிச்சு இழுத்திருக்கு. மருந்து மாதிரிதான். மூணு மாத்திரையைத் தனித்தனியா சோதிச்சுட்டு, சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்னு யாரும் சொல்லமுடியாது. 2012ல வந்த கட்டுரையில் ஹீத் செடிகள் இந்த மாற்றங்களுக்கு நல்லாவே தாக்குப்பிடிச்சதா எழுதினாங்க. எட்டு வருஷம் கழிச்சு மண்ணைத் தோண்டினப்போ, கரியமில வாயு கூட்டின பாத்திகளின் மேல்மண்ணில் கார்பன் கூடியிருந்தது. சூடும் வறட்சியும் அதைத் தடுக்கலை. அந்த முடிவு 2019ல வந்தது.

இதைப் படிச்சுட்டு "அப்ப பயம் இல்லை, கடையைக் கட்டலாம்"னு கிளம்பறவங்க 2015ல வந்த இன்னொரு கட்டுரையையும் பார்க்கணும். மோல்ஸ், பிராண்ட்பியர் உட்பட ஐரோப்பாவில் ஏழு புதர்வெளிகளின் கணக்கு அது. நிலைச்சு நின்ற புதர்வெளி சூட்டையும் வறட்சியையும் பெரிசா கண்டுக்கலை. ஏற்கனவே ஏதோ ஒரு வகையில் அடி வாங்கி, அதிலிருந்து மீண்டுக்கிட்டு இருந்த இடங்கள்தான் ஆடிப்போச்சு. டென்மார்க் ஹீத்துக்கு அடி கொடுக்க ஆள் நிறைய. பண்ணைகளில் இருந்து கிளம்பற அம்மோனியா காற்றில் வந்து படிஞ்சு, மணலுக்கு உரம் போட்ட மாதிரி ஆகி, ஹெதரைத் தள்ளிட்டுப் புல் ஏறிடுது. ஹெதரைத் தின்னே தீர்க்கற ஒரு வண்டும் இருக்கு. எங்க ஊரைச் சுத்திப் பன்றிப் பண்ணைன்னு மேலே சொன்னேனே, அது சும்மா வர்ணனைக்குச் சொன்னதில்லை.

எனக்கு இதில் நீலகிரி ஞாபகம் வந்ததுக்கு உறைபனி மட்டும் காரணம் இல்லை. மேற்கு ஜட்லாந்துக்கு நடந்தது அப்படியே அங்கேயும் நடந்திருக்கு. சோலைக்காட்டுக்கு நடுவில் இருந்த புல்வெளியைத் தரிசுன்னு வெள்ளைக்காரன் முடிவு பண்ணி, 19ம் நூற்றாண்டிலேயே யூகலிப்டஸும் வாட்டிலும் கொண்டு வந்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் நாமும் நிறுத்தலை. பழனி மலையில் நாலு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காலி. செயற்கைக்கோள் படத்தை வெச்சுக் கணக்குப் பார்த்து 2018ல வெளியிட்டாங்க. முழுங்கினது மரத்தோட்டமும் விவசாயமும்.

மிச்சம் இருக்கற நீலகிரிப் புல்வெளியிலும் சூடாக்கிப் பார்க்கற சோதனை நடந்திருக்கு. பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் மகேஷ் சங்கரனும் யதுகிரி திருவாய்மொழியும் (என்ன அருமையான பேர்!) செஞ்சது. மேலே திறந்த கூண்டுக்குள் பகல் வெயிலைப் பிடிச்சு வெச்சுச் சூட்டைக் கூட்டற முறை. மண் வெளியே விடற கரியமில வாயு சூட்டில் கூடுது, அதில் பெரும்பங்கு வேர் விடறதில்லை, நுண்ணுயிர்கள் விடறதுன்னு 2019ல எழுதினாங்க. கேட்க பகீர்னுதான் இருக்கு. ஆனால் பிராண்ட்பியர் கணக்கை வெச்சுப் பார்த்தா இது மூணில் ஒரு மாத்திரை. கூடவே காற்றில் வாயுவும் ஏறி, பருவமழையும் தவறினால் மூணும் சேர்ந்து என்ன செய்யும்? அதுக்குக் குழாய், திரை, 48 பாத்தி, பல வருஷச் செலவு எல்லாம் வேணும். அதைவிட முக்கியமா, அடி வாங்காத புல்வெளி வேணும். பழனி போற வேகத்தில் நீலகிரியும் போனால், சோதனைக்குப் பாத்தி போட ஒரு துண்டு நல்ல புல்வெளி மிஞ்சுமா என்பதே சந்தேகம். மரம் நடற விழா அறிவிப்பு பார்க்கும்போதெல்லாம், எந்த இடத்தில் நடறாங்கன்னு தேடிப் பார்க்கற பழக்கம் எனக்கு வந்துடுச்சு.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருக்கற பதிவர்களே, உங்க கண் முன்னாடி புல்வெளியா இருந்து வாட்டில் காடா மாறின இடம் இருந்தால் ஊர் பேர், வருஷத்தோட பின்னூட்டத்தில் போடுங்க. பழைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கார அம்மாவுக்குக் காட்டணும்.