கட்படலமும் ஆணவமலமும்

கண்ணைப் படலம் மறைத்தவிடத்து, ‘இது படலம்’ என்று அறிந்த அளவில் அது நீங்காது. மருத்துவன் செயல் வேண்டும். மலமும் பொருளாதலின் அறிந்த அளவில் நீங்காது, தீக்கை வேண்டும் என்பர் ஆகமவுரையாசிரியர்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தெழுந்த கண்ணோயாளர் குறிப்புகள், கண்ணின் வண்ணப்படங்களோடு சரசுவதி மகாலில் உள்ளன. அக்காலத்து நம் நாட்டில் வழங்கிய முறையாவது, படலம் முதிர்ந்தபின் அதனைக் கூரிய கருவியாற் பார்வையின் நேரினின்று கீழே தள்ளுதலாம். படலம் கண்ணினுள்ளேயே கிடக்கும், ஒளியை மறைக்கமாட்டாது. சிலர்க்கு மீண்டும் மேலெழுந்து மறைத்தலும் உண்டு.

சித்தாந்த முத்தியும் இத்தகையதே. மலபரிபாகத்தில் அருள் பதிய, ஆணவம் அழிவதன்று. அதன் சத்தியே மடங்கும். ஆதலின் சீவன்முத்தரும் மலவாசனை தாக்காவண்ணம் திருவைந்தெழுத்தை ஓதுவர். பார்வை பெற்றபின்னும் கண்ணைக் காத்தல் வேண்டுமன்றோ!